தானாக அமைக்க முடியவில்லை

என் கணவர் காஞ்சிபுரத்தில் கடைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டுக் கடைகள், லாட்ஜுகள், ஒரு கல்யாண மண்டபம், வாலாஜாபாத்தில் ஒரு அரிசி மில். பில் போடும் கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைப்பது, கேமரா மாட்டுவது, மாடிக்கு மாடி கேபிள் இழுப்பது எல்லாவற்றையும் தனி ஆளாகவே செய்வார். அவருடைய அப்பா கூரத்தில் பிறத்தியார் நிலத்தில் கூலிக்குப் போனவர். மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, தோளில் கேபிள் சுருளோடு பட்டுக் கடைக்குள் போய், முதலாளியின் அறையிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்ப்பதை என் மாமனார் சாகும்வரை ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மெடிக்கலில் பார்மசிஸ்ட். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவருக்கு பிரஷர் இருந்தது. மாத்திரையை நானேதான் கொண்டுவந்து கொடுப்பேன். அவரும் தவறாமல் போட்டுக்கொண்டார். அப்படியும் வந்தது.

காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையின் மேல்மாடியில் கேபிள் முனைக்குக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கடையில் சேலை எடுத்துக் காட்டும் பெண் ஒருத்தி எனக்குப் போன் செய்தாள்.

"மேடம், சார் கீழ உக்காந்துட்டாரு. கூப்ட்டா பேச மாட்றாரு. வாய் ஒரு பக்கமா இழுத்துக்கினு இருக்குது, சீக்கிரம் வாங்க."

பக்கவாதம்தான் வந்திருக்கிறது என்று போனிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை எத்தனை சீக்கிரம் போட வேண்டும் என்பதும் தெரியும். முகூர்த்தங்கள் நெருங்கிய வாரம் அது. கல்யாணச் சேலை எடுக்க வந்த வேன்களும் கார்களும் காந்தி ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றன. ஆம்புலன்ஸ் கத்திக்கொண்டே நின்றது. உள்ளே அவருடைய வலது கையை நான் பிடித்திருந்தேன், அது என் கையைப் பிடிக்கவில்லை. இங்கே ஸ்கேன் பார்த்து, சென்னைக்கு அனுப்பி, அங்கே சேர்த்தபோது ஊசிக்கான நேரம் தாண்டிவிட்டது. டாக்டர் அதைச் சொல்லத் தயங்கினார். நானே சொன்னேன்.

காலில் பலம் கொஞ்சம் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. பேச்சு போய்விட்டது. முழுவதும் போயிருந்தால்கூட ஒருமாதிரி பழகியிருப்போம் என்று சில நாள் தோன்றும். ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியது: "அதான்." தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான். கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றாலும் அதான். கோபம் வந்தால் "அதான் அதான் அதான்" என்று அடுக்கிக்கொண்டே போவார். அவர் காதில் அது முழு வாக்கியமாகத்தான் விழுந்ததோ என்னவோ, எனக்குப் புரியவில்லை என்றதும் அப்படியொரு ஆச்சரியத்தோடு பார்ப்பார்.

பிறகு "ஆமா" வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் அவர் வேண்டும் என்பதற்கும் ஆமா என்றார், வேண்டாம் என்பதற்கும் ஆமா என்றார்.

சென்னை ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயது, பொறுமைசாலி. அவள்தான் எனக்கு விளக்கினாள்.

"அவருக்கு நீங்க பேசறது பெரும்பாலும் புரியுது மேடம். வார்த்தை எடுக்கற எடத்துலதான் அடி. படிக்கிறது, எழுதறது, நம்பரு, எல்லாமே அதோட சேர்ந்து போயிருக்கு. ஆமா இல்லன்னு வாய்ல சொல்றத நம்பாதீங்க. கட்டை விரல மேல கீழ காட்டச் சொல்லுங்க."

வாராவாரம் சென்னைக்குக் கூட்டிவர முடியாது என்றேன். வீடியோவில் பயிற்சி தரலாம் என்றாள். ஆனால் போன் வேண்டாம், அவருக்கு வலது பக்கப் பார்வையும் குறைந்திருக்கிறது, பெரிய திரை இருந்தால்தான் படங்களைக் காட்ட முடியும் என்றாள். "வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கா?" என்று கேட்டாள். நான் அவரைப் பார்த்தேன். அவர் கட்டை விரலை மேலே தூக்கினார்.

கம்ப்யூட்டர் இருந்தது, ஆனால் உள்ளே ஒன்றும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் கெட்டுவிட்டதென்று, ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தைய வாரம்தான் புது டிஸ்க் வாங்கி மாட்டியிருந்தார். ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவதற்கான பென் டிரைவ் முன்பக்கம் செருகியபடியே இருந்தது. கடைகளின் வேலையெல்லாம் முடிந்த பிறகுதான் வீட்டு வேலை அவருக்கு.

வீட்டுக்கு வந்ததிலிருந்து போன்கள் வந்தன. நலம் விசாரிக்கக் கூப்பிட்டவர்கள் கொஞ்ச நேரம் விசாரித்துவிட்டு பாஸ்வேர்டுக்கு வருவார்கள். கேமரா பாஸ்வேர்டு, ரவுட்டர் பாஸ்வேர்டு, மாடியில் இருக்கும் ஏதோ ஒரு பெட்டியின் பாஸ்வேர்டு. "எங்கயாவது எழுதி வெச்சிருக்காராம்மா?" என்பார்கள். அவர் எதையும் எழுதி வைப்பவர் இல்லை. எழுதி வைத்தால் அது பாஸ்வேர்டே இல்லை என்று என்னிடமே வாதாடியிருக்கிறார்.

ஒரு கடையின் மேனேஜர் வீட்டுக்கே வந்தார். பழங்கள் வாங்கி வந்திருந்தார். என் கணவரின் எதிரில் உட்கார்ந்து தன் போனை நீட்டினார்.

"சார், வாயால சொல்ல வேணாம். இதுல அடிச்சுக் குடுத்தா போதும். உங்க வெரலுக்கே தெரியும்ல."

இவர் இடது கையால் போனை வாங்கிக்கொண்டார். மெதுவாக அடித்தார். வியர்த்தது. அடித்ததை நான் எட்டிப் பார்த்தேன், ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வந்திருந்தது. மேனேஜர் அதையும் கடைக்குச் சொல்லிப் போட்டுப் பார்க்கச் செய்தார். இரண்டு தடவை தவறாகப் போனதும் அந்தப் பெட்டி பூட்டிக்கொண்டது என்று அங்கிருந்து சொன்னார்கள். மேனேஜர் எழுந்துகொண்டார். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம், "இவ்ளோ பெரிய வேலைய ஒரே ஆள் தலையில வெச்சிருந்தா எப்டிமா?" என்றார். உள்ளே இவருக்குக் கேட்கும்படிதான் சொன்னார்.

மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினேன். காலையில் சாப்பாடு எடுத்துவைத்துவிட்டுப் போவேன், மதியம் பக்கத்து வீட்டு அக்கா வந்து போட்டுக் கொடுப்பார். ஒருநாள் அந்த அக்கா செங்கல்பட்டுக்குப் போக வேண்டியிருந்தது. தட்டிலேயே போட்டு மூடிவைத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் திரும்பியபோது தட்டு மூடியபடி இருந்தது. இவர் உள்ளறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார். திரையில் நீல நிறப் பின்னணி, நடுவில் சாம்பல் நிறக் கட்டம், அதில் ஆங்கிலத்தில் நாலைந்து வரிகள். காலையில் நான் போனதுமே கம்ப்யூட்டரைப் போட்டிருக்க வேண்டும். மொழி, நாடு, கீபோர்டு என்று அது கேட்டதற்கெல்லாம் எண்டர் தட்டித் தாண்டியிருக்கிறார். அதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடியது, இத்தனை வருஷத்தில் எத்தனை பெட்டிகளுக்குப் போட்டிருப்பார். நெட்வொர்க் கட்டத்தில் மாட்டிக்கொண்டார்.

நான் பின்னால் நின்றதை அவர் கவனிக்கவில்லை. எண்டர் தட்டினார். ஒரு பட்டை இடமிருந்து வலமாக நகர்ந்தது. நின்றது. "நெட்வொர்க்கைத் தானாக அமைக்க முடியவில்லை" என்று ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்தது. எண்டர் தட்டினார். பழைய கட்டம் வந்தது. அதில் முதல் வரி, மீண்டும் முயல்க. எண்டர். பட்டை நகர்ந்தது. நின்றது. அமைக்க முடியவில்லை.

வேட்டி நனைந்திருந்தது. கழிப்பறைக்குக்கூட எழுந்து போகவில்லை.

"இன்னாங்க," என்றேன். "போதும், எழுந்திரிங்க."

"அதான்," என்றார், திரையைக் காட்டி. "அதான்... அதான்..."

அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டினேன். கொஞ்சம்தான் சாப்பிட்டார்.

அவருடைய தொழிலில் இருக்கும் யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே என்று பின்னால் பலர் கேட்டார்கள். கூப்பிட்டேன். ஒருவர் வந்தார். அவர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரப் போனதும் இவர் நாற்காலியின் முதுகை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவில்லை. வந்தவர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார். இன்னொருவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வரவேயில்லை.

அதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் நானே உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும். டாக்டர்கள் கிறுக்குவதையே படிக்கிறவள், அச்சில் இருப்பதைப் படிக்க முடியாதா என்ற நினைப்பு. அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தேன்.

ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் படிக்க வந்தது. வாக்கியம்தான் புரியவில்லை. முதலில் எந்த வழியாக இணைப்பது என்று கேட்டது. இரண்டு பெயர்கள் கொடுத்திருந்தது. இரண்டும் பெயர் மாதிரியே இல்லை, எழுத்தும் எண்ணும் கலந்த ஏதோ ஒன்று. ஒன்று கம்பி, இன்னொன்று வைஃபை என்று ஊகித்துக் கம்பியைத் தேர்ந்தெடுத்தேன். பட்டை நகர்ந்தது, நின்றது, அதே செய்தி. அதன் பிறகு அந்தக் கட்டம். மீண்டும் முயல்க. வேறொரு பெயரோடு மீண்டும் முயல்க. கையால் அமைக்க. இப்போதைக்கு நெட்வொர்க்கை அமைக்க வேண்டாம். கீழே ஓரத்தில் பின்னே செல்க.

"இதுல எதுங்க? மூணாவதா?"

"ஆமா."

"கடைசியா?"

"ஆமா. அதான்."

"வெரல காட்டுங்க. மூணாவது?"

விரலைத் தூக்கினார். தூக்கிய விரலைப் பார்த்தார். கீழே திருப்பினார். மறுபடி மேலே. தனக்கே நிச்சயமில்லாமல் கையை மடியில் போட்டுக்கொண்டார்.

நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன விலாசம் என்று கேட்டது. நான்கு எண்கள், நடுவே புள்ளிகள். அதற்கு மேலே விளக்கம் எழுதியிருந்தது. அதன் கடைசி வரியைச் சத்தமாகவே படித்துவிட்டேன்: என்ன போடுவதென்று தெரியாவிட்டால் உங்கள் நெட்வொர்க் நிர்வாகியைக் கேளுங்கள்.

நிர்வாகி என் பக்கத்தில்தான் இருந்தார். அவருடைய உதடு அசைந்தது. அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த எண் உள்ளே எங்கேயோ முழுசாக இருந்தது.

பேப்பரும் பென்சிலும் கொடுத்தேன். இடது கையால் ஒன்று எழுதினார். சரி என்று எனக்கு உற்சாகம் வந்தது, ஏனென்றால் அவர் போனில் கடைக்காரர்களிடம் சொல்லும்போது ஒன்றில்தான் தொடங்குவார், ஒன் நைன் டூ, டாட், ஒன் சிக்ஸ் எய்ட். நூறு தடவை சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். அவர் அடுத்ததாக மறுபடி ஒன்று எழுதினார். மறுபடி ஒன்று. வரி முடியும்வரை ஒன்றுகளாகவே எழுதிக்கொண்டு போனார். பிறகு பென்சிலை அந்தப் பேப்பரிலேயே குத்தினார். முனை உடைந்தது.

"பரவால்லங்க. எனக்கு முன்பாதி தெரியும்," என்றேன்.

192.168 என்று போட்டேன். மீதி இரண்டு எண்களுக்கு நானாக ஏதோ போட்டேன். அடுத்து மாஸ்க் என்றது. அடுத்து கேட்வே. அடுத்து நேம் சர்வர். ஒவ்வொன்றிலும் அதுவே ஏதோ ஒன்றை நிரப்பி வைத்திருந்தது, எண்டர் தட்டிக்கொண்டே போனேன். போகிறதே என்று நினைத்தேன். கொஞ்ச தூரம் போய், வெளியே எங்கேயோ ஒரு இடத்தைத் தொடர்பு கொள்ள முடியவில்லை என்று நின்றது. பின்னே செல்க என்பதைத் தட்டினேன். முந்தைய கேள்விக்குப் போகும் என்று பார்த்தால், எல்லாக் கட்டங்களின் பெயரும் வரிசையாக இருக்கும் ஒரு நீளமான பட்டியலில் கொண்டுபோய் விட்டது. எங்கே இருந்தோம், எதை முடித்தோம், எதை முடிக்கவில்லை என்று ஒன்றும் தெரியவில்லை. திரும்ப நெட்வொர்க். திரும்ப அந்தக் கேள்விகள். வேறு எண்கள். வேறு எண்கள். மதியம் சமைக்கவில்லை. முந்தைய நாள் சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு ஒன்று ஞாபகம் வந்தது. ரவுட்டரின் பின்பக்கம் ஒரு ஓட்டை இருக்கும், அதில் ஊசி விட்டு அழுத்தினால் புதிதாக வாங்கியது போல ஆகிவிடும். எனக்கு இது தெரிந்தது அவர் போனில் கடைக்காரர்களைத் திட்டியதால்தான். "யாரக் கேட்டு அத அழுத்துனீங்க? அத அழுத்துனா நான் செஞ்சது எல்லாம் போச்சு," என்று கத்துவார்.

எங்கள் ரவுட்டர் பீரோ மேல் இருந்தது. ஸ்டூல் போட்டு இறக்கினேன். கழுத்துச் செயினில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றினேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இத அழுத்திடட்டுமா? எல்லாம் போயிடும். புதுசா போட்டுக்கலாம். சரியா?"

"ஆமா," என்றார்.

"வெரல காட்டுங்க."

கை மடியிலேயே இருந்தது. காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்காமல் ரவுட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு தடவை கேட்கவில்லை. அந்தப் பயிற்சிக்காரப் பெண் முதல் ஆறு மாதம்தான் முக்கியம் என்று சொல்லியிருந்தாள், அதில் பாதி ஏற்கெனவே போய்விட்டிருந்தது. ஊக்கை விட்டு அழுத்தினேன்.

விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்தன. அப்போதுதான் அவர் கத்தினார். வார்த்தை இல்லாத கத்தல். அடுத்த வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். ரவுட்டரை என் கையிலிருந்து பிடுங்கினார், பிடுங்கியதில் தானே நாற்காலியிலிருந்து சரிந்தார். நான் தாங்கிக்கொண்டேன். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ரவுட்டரில் ஒவ்வொரு விளக்காகத் திரும்ப வந்தது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று சிவப்பாகவே நின்றது.

அன்று அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ராத்திரி மாத்திரையை வாயில் போட்டால் விழுங்கினார், அவ்வளவுதான்.

வீட்டில் நெட்டே போய்விட்டது. மறுநாள் எங்களுக்கு இணைப்பு கொடுத்திருக்கும் கேபிள்காரர்களுக்குப் போன் செய்தேன். சாயங்காலம் அவர்களுடைய லைன்மேன் வந்தான். முப்பது வயது இருக்கும். என் கணவரை நன்றாகத் தெரிந்தவன், லைன் நின்றுபோனால் இவர் அவனைத்தான் போனில் வறுத்தெடுப்பார். வாசலில் தயங்கி நின்றான்.

"அண்ணனுக்கு முடியலன்னு கேள்விப்பட்டேன்கா. வரணும் வரணும்னு நெனச்சேன்." குரலைத் தாழ்த்தினான். "அவருக்கு எதுனா புரியுதா?"

"எல்லாம் புரியுதுபா. அவர்கிட்டயே பேசு."

உள்ளே வந்து, இவருக்கு எதிரில் குனிந்து, காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்தினான். "அண்ணே! நல்லாகீறீங்களா? ரவுட்டர் பாக்க வந்துகீறேன்!"

"காது நல்லா கேக்குதுபா," என்றேன்.

அவன் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு இவரிடம் பேசவேயில்லை, என்னிடம்தான் பேசினான். லேப்டாப்பை ரவுட்டரில் இணைத்து எங்கள் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் போட்டான். சிவப்பு விளக்கு பச்சையானது. நான் அந்தக் கட்டத்தைப் பற்றி, மீண்டும் முயல்க என்பதைப் பற்றிக் கேட்டேன்.

"ரவுட்டரே ஒவ்வொரு பொட்டிக்கும் ஒரு நம்பர் குடுக்கும்கா, கேட்டா தானா குடுத்துடும். அண்ணன் அத நிறுத்தி வெச்சிருந்துருப்பாரு. கண்டவன் வந்து மாட்டக் கூடாதுன்னு எல்லா எடத்துலயும் அப்டித்தான் செய்வாரு. நம்பரும் வழக்கமா இருக்கறத மாத்திதான் வெப்பாரு. அதனால அவரா கையால போட்டாத்தான் உண்டு."

இவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். லைன்மேன் சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டான். டீ போடுகிறேன் என்றேன். வேண்டாம்கா, இன்னொரு எடத்துல கூப்ட்டாங்க என்று சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

அவன் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டேன். பட்டை நகர்ந்தது. நிற்கவில்லை. அந்தச் செய்தியே வராமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது. அவருக்கு ஒரு முழு நாளும் எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போன இடத்தை மூச்சு விடும் நேரத்தில் தாண்டிவிட்டது.

அடுத்து, இந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டது. அவர் தான் அமைக்கும் பெட்டிகளுக்கெல்லாம் சுற்றுப்பட்டு ஊர்களின் பெயரை வைப்பார். அந்த அரிசி மில்லில் ஒன்றுக்குத் திருமுக்கூடல் என்று வைத்து, மில்காரர் அங்கே எனக்கு நிலம்கூட இல்லையே என்று சிரித்ததைச் சொல்லியிருக்கிறார். வீட்டுப் பெட்டிக்கு என்ன வைத்திருந்தார் என்று நான் கேட்டதில்லை. கூரம் என்று சொல்லிக்கொண்டே அடித்தேன். அவர் விரலைக் கீழே காட்டினார். இந்தத் தடவை தெளிவாகவே காட்டினார். வாலாஜாபாத்? கீழே. எனக்குத் தெரிந்த ஊர்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். உத்திரமேரூர், அய்யம்பேட்டை, தாமல். விரல் கீழேயே இருந்தது. ஊர்ப்பெயர் தீர்ந்துபோய் நான் நிறுத்தினேன். அவர் இன்னும் சொல் என்பது போல என் தோளைத் தட்டினார். தெரியவில்லை என்றேன். அதுவாகவே போட்டுவைத்திருந்த பெயரோடு எண்டர் தட்டினேன்.

அந்த வாரமே பயிற்சி தொடங்கியது. செவ்வாயும் வெள்ளியும் காலையில், நான் கடைக்குப் போவதற்கு முன்னால். திரையின் ஒரு பாதியில் அந்தப் பெண், இன்னொரு பாதியில் படம். சீப்பு, சாவி, டம்ளர், செருப்பு. "இது என்ன சார்? சீ..." என்பாள். இவர் "அதான்" என்பார். "சீ..." "அதான்." அவள் முகம் மாறவே மாறாது. எனக்குத்தான் சில நாள் எழுந்து போய்விடத் தோன்றும். சீப்பைக் கையில் கொடுத்தால் தலை வாரிக்கொள்வார். சாவியைக் கொடுத்தால் பீரோவைத் திறப்பார். பெயர் மட்டும் வராது.

பயிற்சி தொடங்கிய இரண்டாவது மாதம் "தண்ணி" வந்தது. அப்புறம் "போ". அப்புறம் "வேணாம்", அதுவும் நிஜமாகவே வேண்டாமென்றபோது வந்தது. நான் அன்று மெடிக்கலில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு வெகு நாளைக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கடைகளிலிருந்து சாமான்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு கடையாக வேறு ஆளை வைத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிட்டார்கள். கழற்றிய பழைய பெட்டிகளை, சாருடையதுதானே, தூக்கிப்போட மனசு வரவில்லை என்று ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். கேபிள்கள் வெட்டிய முனைகளோடு வந்தன. ஒவ்வொரு முனையிலும் அவர் சின்ன வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டி, எந்த மாடி, எந்த மேஜை என்று எழுதியிருந்தார். உள்ளறையில் குவித்துவைத்தோம். அவர் அவற்றைத் தொடவில்லை. கடைசியில் பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டுப் போட்டுவிட்டேன். அன்று அவரைப் பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் உட்காரவைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்தப் பெண் படங்களை எடுத்துவிட்டு, என்னைத் திரைக்குள் வரும்படி உட்காரச் சொன்னாள்.

"சார், இவங்க யாரு? பக்கத்துல இருக்காங்களே, இவங்க யாரு?"

அவர் திரையில் என்னைப் பார்த்தார். பிறகு திரும்பி நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார். நேரம் போனது. அவள் குறுக்கிடவில்லை.

"அம்மா," என்றார்.

அவர் என்னை எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். கல்யாணமான புதிதில் அவருடைய வீட்டில் அதற்காக முணுமுணுத்திருக்கிறார்கள். இப்போது சொன்னதும் அவரே தலையை ஆட்டினார், இது இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுபடி முயன்றார். மறுபடி அம்மாதான் வந்தது. அந்தப் பெண் என் பெயரின் முதல் எழுத்தைச் சொன்னாள். அவர் அந்த எழுத்தைச் சொன்னார். அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"இத உடனே திருத்தணும் மேடம்," என்றாள். "இல்லன்னா இதுவே நின்னுடும்."

திருத்தப் பார்த்தோம். அட்டையில் என் பெயரை எழுதி, என் போட்டோவை ஒட்டி, வாரக்கணக்கில். நான் அவர் எதிரில் உட்கார்ந்து என் பெயரை நானே திரும்பத் திரும்பச் சொல்வேன். உலகத்தில் வேறு யாரும் அப்படித் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அவர் என் வாயையே பார்ப்பார். கடைசியில் ஒருநாள் அட்டையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டார். நானும் விட்டுவிட்டேன்.

பயிற்சி இப்போது மாதம் ஒரு தடவைதான். இனிமேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று அவள் சொன்னாள். அதைச் சொல்லும்போது அவளும் தயங்கினாள். வந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டு நாள் போகிறது. கறிகாய்க்காரரிடம் போ என்பார், வேணாம் என்பார். நான் சமையலறையிலோ வாசலிலோ இருந்தால், நாற்காலியிலிருந்து எழ வேண்டுமென்றால், அம்மா என்று கூப்பிடுவார். அவருடைய அம்மா செத்துப் பல வருஷமாகிறது. மாடி வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண், உங்க வீட்டுக்காரரோட அம்மா ஊர்லயா இருக்காங்க, பாவம், அவங்களையே கூப்ட்டுக்கினு இருக்காரே என்று என்னிடம் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் எழுந்திருக்கக் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.